கீமோ எடுக்கும் குழந்தையின் பற்கள்: பெற்றோருக்கு முழு வழிகாட்டி

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் எல்லோரும் ஏ.எல்.எல். என்றே சொல்வார்கள். இது பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் வருகிறது. பால் பற்கள் முளைத்து முடியும் வயது அது; நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதும் அதுதான். ஆகவே கீமோ மருந்து இரண்டு தலைமுறைப் பற்களையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. வெளியே தெரியும் பல்லில் சொத்தை இருந்தால் இன்றைக்கு ஆபத்து. உள்ளே இருக்கும் பல்லுக்கு என்ன ஆனது என்பது ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும்.

குழந்தைக்கு இப்படியொரு நோய் என்று கேட்ட வாரத்தில் பல்லைப் பற்றி யாருக்கும் நினைப்பு வராது. ஆனால் கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், சொத்தைப் பல்லின் வேரடியில் தங்கிய சீழிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வந்து வார்டில் சேர்க்க வேண்டியிருக்கும். அடுத்த டோஸ் தள்ளிப்போகும். டோஸ் தள்ளிப்போவதை எந்தப் புற்றுநோய் மருத்துவரும் விரும்பமாட்டார். வாயைப் பார்த்துக்கொள்வதும் புற்றுநோய் சிகிச்சையில் ஒரு பகுதி என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெரும்பாலும் ஏ.எல்.எல். சிகிச்சையை வைத்தே சொல்லியிருக்கிறேன். மற்ற புற்றுநோய்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கதிர்வீச்சு, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: முதல் வாரத்திலேயே வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்

கீமோவுக்கு முன்பே பல் வேலையை முடித்துவிட வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஏ.எல்.எல். விஷயத்தில் அது பெரும்பாலும் நடக்காது. நோய் உறுதியான சில நாட்களிலேயே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களும் குறைவாக இருக்கும். பல்லுக்காக கீமோவை நிறுத்திவைக்கும்படி யாரும் கேட்கக் கூடாது.

கேட்க வேண்டியது வேறு. குழந்தைப் பல் மருத்துவர் ஒருவரை வார்டுக்கே வந்து பார்க்கச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். கருவி எதுவும் வைக்காமல் விளக்கும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தாலே போதும். எந்தப் பல்லில் சொத்தை, எது ஆடுகிறது, ஈறில் கொப்புளம் இருக்கிறதா, பாதி முளைத்த கடைவாய்ப் பல்லின் மேல் ஈறு மூடிக்கிடக்கிறதா என்று எழுதி ஃபைலில் வைத்துவிட்டால், பிறகு காய்ச்சல் வரும்போது எங்கே தேடுவது என்று மருத்துவர்களுக்குத் தெரியும்.

பல் மருத்துவப் பிரிவு இல்லாத மருத்துவமனை என்றால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கிறது. எந்த ஊரானாலும், பல் மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் மருத்துவரின் கடிதமும் அன்றைய ரத்த அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் பல்லில் கை வைக்க ஒப்புக்கொள்ளும் கிளினிக்கைவிட, “முதலில் கடிதம் வாங்கி வாருங்கள்” என்று திருப்பி அனுப்பும் கிளினிக்கை நம்பலாம்.

படி 2: ரத்த அறிக்கையில் இரண்டு எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பல் வேலைக்கு நாள் குறிப்பது இந்த இரண்டு எண்கள்தான்.

முதலாவது ஏ.என்.சி., அதாவது கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் அணுக்களின் எண்ணிக்கை. சில அறிக்கைகளில் இது நேரடியாக இருக்காது; நாமே கணக்கிட வேண்டும். டோட்டல் கவுண்ட்டை, அதாவது மொத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை, நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். சில லேப்களில் நியூட்ரோஃபிலை பாலிமார்ஃப் என்று போட்டிருப்பார்கள். டோட்டல் கவுண்ட் 2,400, நியூட்ரோஃபில் 35 சதவீதம் என்றால் ஏ.என்.சி. 840. 1,000-க்குக் கீழே இருந்தால், அவசரமில்லாத பல் வேலை எதுவானாலும் தள்ளிப்போடுவது வழக்கம். 1,000 முதல் 2,000 வரை இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துச் செய்வதா வேண்டாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார். 2,000-க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தடையில்லை.

இரண்டாவது பிளேட்லெட். நம் ஊர் அறிக்கைகளில் இது லட்சக் கணக்கில் வருவதால் பலர் குழம்பிப்போகிறார்கள். 0.75 லட்சம் என்றால் 75,000, 0.4 லட்சம் என்றால் 40,000. ஆரோக்கியமான குழந்தைக்கு 1.5 லட்சத்துக்கு மேல் இருக்கும். 75,000-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான பல் வேலைகளுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படாது. அதற்குக் கீழே போகப் போக, பிளேட்லெட் ஏற்றிவிட்டுச் செய்வதா, மருத்துவமனையிலேயே வைத்துச் செய்வதா என்ற யோசனை வரும். எந்த அளவுக்குக் கீழே செய்யவே மாட்டார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். உங்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக ஒரு கீமோ சுற்று தொடங்கி ஐந்து முதல் ஏழு நாட்களில் கவுண்ட், அதாவது இந்த ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாரம் தாழ்ந்தே இருந்து, அடுத்த சுற்றுக்கு முன்னால் சில நாட்கள் ஏறும். பல் மருத்துவருக்குக் கிடைக்கும் ஜன்னல் அந்தச் சில நாட்கள்தான். ஏ.எல்.எல். குழந்தைகளுக்கு இண்டக்‌ஷன் என்ற முதல் ஒரு மாதச் சிகிச்சை முடிந்து கவுண்ட் மீளும் நேரமே முதல் நல்ல வாய்ப்பு. அதைத் தவறவிடாமல் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே தேதி கேட்டு வைத்துவிடுங்கள்.

படி 3: எந்தப் பல்லை எடுப்பது, எதை விடுவது

சாதாரணக் குழந்தைக்குச் சொத்தை நரம்பு வரை போயிருந்தால் பால் பல்லிலும் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றப் பார்ப்பார்கள். கீமோவில் இருக்கும் குழந்தைக்குப் பலர் அந்தப் பல்லை எடுத்துவிடவே சொல்வார்கள். வேர் சிகிச்சை தோற்றுப்போய் கவுண்ட் குறைந்த நாளில் சீழ் பிடித்தால் அது உயிருக்கே ஆபத்து. பல்லைக் காப்பாற்றவில்லையே என்று மருத்துவரைக் கோபிக்க வேண்டாம். இங்கே எடுப்பதுதான் கவனமான முடிவு.

எடுத்த இடம் ஆற அவகாசம் வேண்டும். அடுத்த சுற்று மருந்துக்குக் குறைந்தது 7 முதல் 10 நாட்களுக்கு முன்பாவது எடுத்திருப்பது நல்லது. இரண்டு வாரம் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

நரம்பு வரை போகாத சொத்தைக்கு வேறு வழிகள் உண்டு. ஊசியோ துளையிடுதலோ இல்லாமல் சொத்தையை நிறுத்திவைக்கும் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவத்தைத் தடவலாம். தடவிய இடம் கறுத்துப்போகும். ஈறில் புண் இருக்கும்போது தடவக் கூடாது. பால் பல் கறுப்பதை நினைத்து இந்த வழியை வேண்டாமென்று சொல்லாதீர்கள். ரத்தம் வராமல், குழந்தையை அழவிடாமல் சொத்தையை நிறுத்த இதைவிட எளிய வழி தெரியவில்லை. தற்காலிகமாக சிமென்ட் அடைப்பதும் ஸ்டீல் தொப்பி போடுவதும் மற்ற வழிகள்.

தானாக ஆடும் பால் பல்லைக் குழந்தை நாக்கால் தள்ளி விளையாடும், பாட்டி நூல் கட்டி இழுக்கப் பார்ப்பார். இரண்டுமே கூடாது. அதுவாக விழட்டும். பல்லில் கம்பி போட்டிருக்கும் பெரிய குழந்தை என்றால் கம்பியைப் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். அது உரசும் இடங்களில் புண் வரும், உணவும் தங்கும்.

ஏ.எல்.எல். குழந்தைகளுக்கு முதுகுத்தண்டில் மருந்து செலுத்தும்போது மயக்க மருந்து கொடுப்பதுண்டு. கவுண்ட் சரியாக இருந்தால் அதே மயக்கத்திலேயே பல் வேலையையும் முடித்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் வசதி இருக்காது. இருந்தால் குழந்தைக்கு ஒரு தடவை மயக்கம் மிச்சம்.

படி 4: கவுண்ட் எவ்வளவு இருந்தாலும் பல் துலக்குவது நிற்கக் கூடாது

“பிளேட்லெட் குறைவாக இருக்கிறது, பிரஷ் வேண்டாம்” என்று வார்டில் யாராவது சொல்லக்கூடும். பழைய வழக்கம் அது. மிக மென்மையான பிரஷால், நாளைக்கு இரண்டு மூன்று முறை, கவுண்ட் எதுவானாலும் துலக்கலாம் என்பதே இன்றைய குழந்தைப் பல் மருத்துவ வழிகாட்டுதல். துலக்காமல் விட்டால் பற்படிவு சேர்ந்து ஈறு வீங்கி, கூடுதலாகத்தான் ரத்தம் வரும். துலக்கிய பிறகு ரத்தம் நிற்காமல் கசிந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேஸ்ட் ஃப்ளூரைடு கலந்ததாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. காரமான புதினாச் சுவை எரிந்தால் சுவை குறைந்த குழந்தைகள் பேஸ்டுக்கு மாறுங்கள். அதிலும் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள். துலக்கியபின் பிரஷை மூடி போட்டு ஈரத்தோடு வைக்காமல் காற்றில் உலரவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பற்பொடி, கரி, உப்பு, வேப்பங்குச்சி எல்லாவற்றையும் இந்தக் காலம் முழுவதும் ஒதுக்கி வையுங்கள். சொரசொரப்பு ஈறைக் கீறும். வாயில் நல்லெண்ணெய் விட்டுக் கொப்பளிப்பதும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குப் போனால் பெரிய சிக்கல்.

படி 5: வாய்ப்புண் வாரம்

மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் கொடுத்த ஒரு வாரத்துக்குள் வாயின் உள்தோல் சிவந்து உரியத் தொடங்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அந்த நாட்களில் குழந்தை எச்சிலைக்கூட விழுங்காது.

அப்போது வீட்டில் செய்யக்கூடியது: ஒரு கப் வெதுவெதுப்பான கொதித்தாறிய நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அரைக்கால் டீஸ்பூன் உப்பும் கலந்து, நாளைக்குப் பலமுறை கொப்பளிக்கச் செய்து, பிறகு வெறும் நீரால் ஒருமுறை கொப்பளிக்க வைக்கலாம். கொப்பளிக்கத் தெரியாத குழந்தைக்குச் சுத்தமான மென்துணியை அதில் நனைத்து ஈறையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் மெதுவாகத் துடைத்துவிடலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடாது. பிரஷ் வைக்கவே முடியாத அளவுக்கு வலித்தால் அந்தச் சில நாட்கள் ஸ்பாஞ்சோ துணியோ போதும். வலி குறைந்த அன்றே பிரஷுக்குத் திரும்புங்கள்.

மருந்துக் கடையில் வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும் ஜெல்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சிலவற்றில் சாலிசிலேட் இருக்கும். அது ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, அதிலும் பிளேட்லெட் குறைந்த குழந்தைக்கு அறவே கூடாது. மரத்துப்போக வைக்கும் ஜெல்லை அதிகம் தடவினால் குழந்தைக்கு விழுங்கும் உணர்வு குறைந்து புரையேறும். எந்த ஜெல்லாக இருந்தாலும் வார்டு மருத்துவரிடம் பெயரைக் காட்டிவிட்டு வாங்குங்கள். கிராம்பு எண்ணெய் புண்பட்ட தோலைச் சுட்டுவிடும். மணத்தக்காளிக் கீரையை நன்றாக வேகவைத்து, காரமில்லாமல் உணவாகக் கொடுப்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம். பச்சையாக அரைத்த சாற்றைப் புண்ணில் தடவுவது கிருமியைக் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம்.

உணவில் முறுக்கு, தட்டை, அப்பளம் போல் குத்துபவற்றை நிறுத்துங்கள். குழைந்த கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, இடியாப்பம், மசித்த பருப்பு சாதம் எல்லாம் ஆறிய பிறகு கொடுங்கள். தயிரை அனுமதிப்பதா இல்லையா என்பதில் மருத்துவமனைகளுக்குள் வேறுபாடு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

துடைத்தால் போகும் வெள்ளைப் படலம் பூஞ்சையாக இருக்கலாம். கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் வந்தால் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு, இரண்டையும் கீமோ புண் என்று விட்டுவிடக் கூடாது. வாய்ப்புண்ணோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 6: பல்வலி என்று அழுதால்

ஏ.எல்.எல். சிகிச்சையில் எல்லாக் குழந்தைக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து போகும். அது நரம்பைப் பாதிக்கும். ஊசி போட்ட சில நாட்களில் சில குழந்தைகள் தாடை வலிக்கிறது, கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அழுவார்கள். பல சமயம் இரண்டு பக்கமும் வலிக்கும். வாயைத் திறந்து பார்த்தால் சொத்தை இருக்காது, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. இது மருந்தால் வரும் நரம்பு வலி. பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கும். இது தெரியாமல், வலிக்கும் பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லை எடுத்துவிடும் ஆபத்து உண்டு. வின்கிரிஸ்டின் போட்ட தேதியை ஒரு தாளில் எழுதி பல் மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

ஒரே பல்லில், ஒரே பக்கத்தில், கடித்தால் கூடும் வலி என்றாலோ ஈறோ கன்னமோ வீங்கியிருந்தாலோ அது உண்மையான பல்வலி. கவுண்ட் மிகக் குறைவாக இருந்தால் வீக்கமோ சீழோ வெளியே தெரியாமலும் போகலாம், ஏனென்றால் சீழை உண்டாக்க வேண்டிய வெள்ளை அணுக்களே இல்லை. ஆகவே வீக்கம் இல்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். இந்த நிலையில் கவுண்ட் ஏறும்வரை காத்திருக்கவும் முடியாது. மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, தேவையானால் பிளேட்லெட் ஏற்றிப் பல்லைப் பார்ப்பார்கள்.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும். கொடுப்பதற்கு முன் வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு, வார்டுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

படி 7: ஸ்டீராய்டு பசியும் இனிப்பு சிரப்பும்

டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ கொடுக்கும் நாட்களில் குழந்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து சாப்பாடு கேட்கும். கொடுக்காமல் இருக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது, கொடுக்காமல் இருக்கவும் வேண்டாம். பிஸ்கட், சர்க்கரை போட்ட பால், ஹெல்த் டிரிங்க் இவற்றுக்குப் பதிலாக இட்லி, வேகவைத்த முட்டை, பன்னீர் துண்டு ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்தால் போதும். பால் பாட்டிலோடு தூங்க வைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பல்லைக் கெடுக்கும்.

குழந்தைகளின் சிரப்புகளில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். பூஞ்சைக்குக் கொடுக்கும் நிஸ்டாடின் திரவத்தை வாயில் வைத்திருந்து விழுங்கச் சொல்வார்கள். பல தயாரிப்புகளில் சர்க்கரை உண்டு. மாதக்கணக்கில் இப்படிப் போனால் சொத்தை வராமல் என்ன செய்யும்? இரவு மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பல் துலக்குங்கள். நிஸ்டாடினுக்கு மட்டும் அரை மணி நேரம் இடைவெளி விட்டுத் துலக்குங்கள். மாத்திரையாகவோ சர்க்கரையில்லாத வடிவிலோ கிடைக்குமா என்றும் கேட்கலாம்.

தீவிரச் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பாமலிருக்க மருந்து தொடரும் மெயின்டெனன்ஸ் காலம் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்கு மேலும் நீளும். கவுண்ட் ஓரளவு நிலையாக இருக்கும் இந்தக் காலத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் ஃப்ளூரைடு வார்னிஷ் என்ற பூச்சைத் தடவிக்கொள்ளுங்கள். தள்ளிவைத்திருந்த பல் வேலைகளையும் இப்போது முடிக்கலாம்.

படி 8: தாடைக்குள் இருக்கும் பற்கள்

இதுதான் பெற்றோருக்கு யாரும் விரிவாகச் சொல்லாத பகுதி.

முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் பிறக்கும் நேரத்திலேயே சுண்ணாம்பு சேரத் தொடங்கி மூன்று வயதுவாக்கில் அதன் தலைப்பகுதி முடிந்துவிடும். முன்பற்கள் மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி நான்கைந்து வயதில் முடியும். முன்கடைவாய்ப் பற்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள்ளும், இரண்டாவது கடைவாய்ப் பல் இரண்டரை மூன்று வயதிலும் தொடங்கும். தலைப்பகுதி முடிந்த பிறகும் வேர் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்களுக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் சுமார் பத்து வயதுவரை, இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்குப் பதினைந்து வயதுவாக்கில்வரை.

இதை வைத்து உங்கள் குழந்தைக்கு எது பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஓரளவு ஊகிக்கலாம். மூன்று வயதில் கீமோ எடுத்த குழந்தைக்கு முன்கடைவாய்ப் பற்களோ இரண்டாவது கடைவாய்ப் பற்களோ முளைக்காமலே போகலாம், மிகச் சிறியதாகவும் வரலாம். முன்பற்களின் எனாமலில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டுகள் தெரியலாம். எட்டு வயதில் எடுத்த குழந்தைக்குப் பற்கள் வெளியே பார்க்க அழகாக இருந்தும், வேர் குட்டையாகவும் கூம்பியும் இருக்கலாம். பொதுவாக ஐந்தாறு வயதுக்கு முன் சிகிச்சை எடுத்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. வந்தால் அது உங்கள் கவனக்குறைவால் வந்ததும் இல்லை.

சிகிச்சை முடிந்ததும், குழந்தைக்கு ஐந்தாறு வயது ஆகியிருந்தால், முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுத்துவைக்கச் சொல்லுங்கள். எந்தப் பல் இல்லை, எந்த வேர் குட்டை என்பது அதில் தெரிந்துவிடும். நிரந்தரப் பல் இல்லாத இடத்தில் பால் பல்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; அது பல ஆண்டுகள் வேலை செய்யும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை, வாழ்நாள் முழுக்க.

பல்லுக்குக் கம்பி போடுவதற்கு, சிகிச்சை முடிந்து நோயில்லாமல் இரண்டு ஆண்டுகளாவது கழியும்வரை பொறுத்திருப்பது வழக்கம். குட்டை வேர் உள்ள பல்லை வேகமாக நகர்த்தினால் வேர் மேலும் கரையும். ஆகவே மெதுவான விசையில், எளிய முறையில், ஓரளவு சீரானதும் நிறுத்திவிட வேண்டும். பழைய கீமோ பற்றிச் சொல்லாமல் கம்பி போடப் போவதுதான் இங்கே பெரிய ஆபத்து.

படி 9: கதிர்வீச்சும் மஜ்ஜை மாற்றும் நடந்திருந்தால்

தலையிலோ தாடையிலோ கதிர்வீச்சு பட்டிருந்தால் பாதிப்பு கீமோவைவிட ஆழமாக இருக்கும். எந்த இடத்தில், எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது முக்கியம். உருவாகும் பல்லின் எனாமல் செல்களை 10 கிரே நிரந்தரமாகப் பாதிக்கும். 30 கிரே அளவில் பல் வளர்வதே நின்றுவிடும். தாடை ஒரு பக்கம் குறைவாக வளரலாம், உமிழ்நீர் வற்றலாம். உமிழ்நீர் வற்றிய வாயில் சொத்தை வேகமாகப் பரவும். அதிகக் கதிர்வீச்சு பட்ட தாடையில் பிற்காலத்தில் பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே இருபது ஆண்டு கழித்துப் போனாலும் பல் மருத்துவரிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 100 நாட்களுக்கு அவசரமில்லாத பல் வேலை செய்யமாட்டார்கள். கொடையாளியின் அணுக்கள் குழந்தையின் உடலைத் தாக்கும் நிலை வந்தால் வாயில் வெள்ளைக் கோடுகள், எரிச்சல், வறட்சி தெரியும். இவர்களுக்குப் பிற்காலத்தில் வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்று அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை வாயின் தோலை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். வளர்ந்த பிறகு புகையிலை, பான் மசாலா, பாக்கு பக்கமே போகக் கூடாது என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள்.

படி 10: ஒரு தாள்

சிகிச்சை முடியும் நாளில் மருத்துவமனையிலிருந்து தடிமனான ஃபைல் வரும். பல் மருத்துவருக்காக அதிலிருந்து ஒரே ஒரு தாளைத் தனியாக எழுதி வாங்குங்கள்: நோயின் பெயர், சிகிச்சை தொடங்கிய வயதும் முடிந்த வயதும், கொடுத்த மருந்துகள், கதிர்வீச்சு உண்டா, எந்த இடத்தில் எத்தனை கிரே, மஜ்ஜை மாற்று நடந்ததா, மருந்து ஏற்ற மார்பிலோ கையிலோ தோலுக்கடியில் வைத்த போர்ட் இன்னும் இருக்கிறதா, இருந்தால் பல் வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் வேண்டுமா, டாக்ஸோரூபிசின் கொடுத்திருந்தால் இதயப் பரிசோதனை எப்படி இருந்தது. ஓ.பி.ஜி. படத்தையும் அந்தத் தாளையும் போனில் படமெடுத்து வையுங்கள். குழந்தை கல்லூரிக்கு வேறு ஊர் போகும்போது அவன் அல்லது அவள் போனிலும் அது இருக்க வேண்டும்.